வெப்பத்தைப் படம் பிடிக்கும் காமிரா: எப்படித் தேர்ந்தெடுப்பது?

கோயம்புத்தூரிலிருந்து கிழக்கே பேருந்தில் வந்து அவிநாசியில் இறங்கி, திருப்பூர்ச் சாலையில் சிறிது தூரம் சென்றால் போதும். நூற்பாலை, பின்னல் எந்திரக் கூடம், பனியன் கம்பெனி, சாயப்பட்டறை, துணியை உலர்த்தி அகலம் நிறுத்தும் ஸ்டென்டர் கூடம் என்று வரிசையாகக் காணலாம். இவை அனைத்துக்கும் பொதுவானவை இரண்டு. ஒன்று மின்சாரம், மற்றொன்று வெப்பம். மூன்றாவதாக ஒன்றும் உண்டு. அது பஞ்சுத் தூசி. கண்ணுக்கு மென்மையாகத் தெரியும் இத்தூசி, எந்திரத்தின் மேலும், சுவரிலும், மின் பேனலுக்குள்ளும் மெல்லிய படலமாகப் படிகிறது.

ஒரு பேனலுக்குள் கம்பி முனையை இறுக்கிப் பிடிக்கும் மரை சற்றே தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். மோட்டார்கள் வழக்கம்போல் ஓடும், விளக்குகள் எரியும். ஆனால் அந்த இணைப்பு நாளுக்கு நாள் சூடேறிக்கொண்டிருக்கும். சூட்டினால் உலோகத்தின் மேற்பரப்பு கறுக்கும்; கறுத்தால் மின்தடை கூடும்; தடை கூடினால் சூடு இன்னும் ஏறும். ஒரு நாள் அங்கே பொறி பறக்கலாம். அருகில் பஞ்சுத் தூசி இருந்தால் விளைவு என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

இந்தச் சூட்டை முன்கூட்டியே, தொடாமலே, எந்திரத்தை நிறுத்தாமலே கண்டுபிடிக்க வழி உண்டா? உண்டு. அதுவே வெப்பப்படக் காமிரா. இன்று சந்தையில் பல விலைகளில், பல தரங்களில் இது கிடைக்கிறது. விலை உயர்ந்ததை வாங்கிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகின்றனர். அது சரியல்ல. தேர்ந்தெடுக்க வேண்டியவருக்குப் பணத்தை விட முதலில் வேண்டியது கொஞ்சம் இயற்பியல். அந்த இயற்பியலை நீங்கள் ஏற்கனவே வகுப்பில் படித்திருக்கிறீர்கள்.

கண்ணுக்குத் தெரியாத ஒளி

1800ஆம் ஆண்டு. யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்துப் புகழ் பெற்றிருந்த வில்லியம் ஹெர்ஷெல், இங்கிலாந்தில் ஓர் எளிய சோதனையைச் செய்தார். சூரிய ஒளியை முப்பட்டகத்தின் வழியே செலுத்தி, பிரிந்த நிறங்கள் ஒவ்வொன்றிலும் வெப்பமானியை வைத்தார். ஊதாவிலிருந்து சிவப்பை நோக்கிச் செல்லச் செல்ல வெப்பமானி அதிகம் ஏறியது. சிவப்பையும் தாண்டி, நிறமே இல்லாத இடத்தில் வைத்தபோது இன்னும் அதிகமாக ஏறியது! அங்கே கண்ணுக்குப் புலப்படாத கதிர்கள் விழுகின்றன என்று அவர் உணர்ந்தார். இவையே அகச்சிவப்புக் கதிர்கள்.

சூரியன் மட்டுமல்ல, எல்லாப் பொருள்களும் கதிர்களை உமிழ்கின்றன. உங்கள் உடல், இந்தப் பக்கத்தின் தாள், அவிநாசிக் கோயிலின் கல்தூண், எல்லாமே. ஒரு பொருள் எந்த அலைநீளத்தில் மிகுதியாக உமிழும் என்பதை வீன் விதி கூறுகிறது. 2898 என்னும் எண்ணைக் கெல்வின் அளவிலான வெப்பநிலையால் வகுத்தால் அந்த அலைநீளம் மைக்ரோமீட்டரில் கிடைக்கும். நம் தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 டிகிரி செல்சியஸ், அதாவது 306 கெல்வின். 2898ஐ 306ஆல் வகுத்தால் சுமார் 9.5 மைக்ரோமீட்டர். நம் கண் ஏறத்தாழ 0.4 முதல் 0.7 மைக்ரோமீட்டர் வரைதான் காணும். ஆகவேதான் இருட்டறையில் நாம் ஒருவரையொருவர் பார்க்க முடிவதில்லை.

இன்னொரு விதியும் நமக்கு வேண்டும். 1879இல் ஸ்டெஃபான் சோதனை முடிவுகளிலிருந்து கண்டறிந்து, 1884இல் போல்ட்ஸ்மன் கோட்பாட்டினால் நிறுவிய விதி அது. ஒரு பொருள் உமிழும் மொத்தக் கதிர்வீச்சு, அதன் கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். 33 டிகிரியில் உள்ள இணைப்பையும் 90 டிகிரியில் உள்ள இணைப்பையும் ஒப்பிடுவோம். 306 கெல்வின், 363 கெல்வின். 363ஐ 306ஆல் வகுத்து, அதை நான்கு முறை பெருக்கினால் ஏறத்தாழ 1.98. ஆக, சூடான இணைப்பு இரண்டு மடங்கு கதிர்வீச்சைத் தருகிறது. காமிரா காண்பது இந்த வேறுபாட்டைத்தான்.

காமிராவின் உள்ளே

சாதாரணக் காமிராவின் கண்ணாடி வில்லை இங்கே பயன்படாது. 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள கதிர்களைக் கண்ணாடி தடுத்துவிடும். ஆகவே ஜெர்மானியம் என்னும் குறைகடத்தியால் வில்லை செய்கிறார்கள். அது நம் கண்ணுக்கு உலோகம் போல் ஒளிபுகாமல் பளபளக்கும். அகச்சிவப்புக்கோ தெளிந்த நீர் போன்றது. காமிராவின் விலை உயர்வுக்கு இந்த வில்லையும் ஒரு காரணம்.

வில்லைக்குப் பின்னால் நுண்போலோமீட்டர் என்னும் உணர்கருவி உள்ளது. ஆயிரக்கணக்கான மிகச் சிறிய தகடுகள் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கதிர் விழுந்தால் தகடு மிகச் சிறிதளவு சூடாகும். சூடானால் அதன் மேலுள்ள வனேடியம் ஆக்சைடு போன்ற பொருளின் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளந்து, ஒவ்வொரு தகட்டுக்கும் ஒரு படப்புள்ளி என்று படம் வரையப்படுகிறது. 1980களில் அமெரிக்க இராணுவத்துக்காக இரகசியமாக வளர்க்கப்பட்ட இந்நுட்பம், 1992இல் இரகசியம் நீக்கப்பட்ட பிறகே தொழிற்சாலைகளுக்கு வந்து சேர்ந்தது.

படத்தில் காணும் சிவப்பும் மஞ்சளும் நீலமும் உண்மை நிறங்கள் அல்ல என்பதை நினைவில் வையுங்கள். காட்சியில் மிகச் சூடான இடத்துக்கு ஒரு நிறம், மிகக் குளிர்ந்த இடத்துக்கு ஒரு நிறம் என்று காமிராவே பூசுகிறது. காட்சி முழுவதிலும் 2 டிகிரி வேறுபாடே இருந்தாலும் ஓரிடம் தீப்பற்றி எரிவது போல் தோன்றும். சிவப்பைக் கண்டு பயப்படுவதும், நீலத்தைக் கண்டு நிம்மதி அடைவதும் தவறு. பக்கத்தில் உள்ள வெப்பநிலை அளவுகோலைப் படிக்க வேண்டும்.

முதல் கேள்வி: எத்தனை படப்புள்ளிகள்?

கடையில் 160×120, 320×240, 640×480 என்று எண்கள் சொல்வார்கள். புள்ளிகள் கூடக் கூட விலையும் கூடும். நமக்கு எவ்வளவு தேவை? இதைத் திரிகோண கணிதத்தால் கண்டுபிடிக்கலாம்.

காமிராவின் பார்வைக் கோணம் அகலவாட்டில் 25 டிகிரி என்று கொள்வோம். 5 மீட்டர் தொலைவில் அது காணும் அகலம், 2 × 5 × டேன் 12.5 டிகிரி. இது ஏறத்தாழ 2.2 மீட்டர். இதை 160 புள்ளிகள் பங்கிட்டுக்கொண்டால் ஒரு புள்ளிக்குச் சுமார் 14 மில்லிமீட்டர். ஆனால் ஒரு பொருளின் வெப்பநிலையை நம்பிக்கையோடு அளக்க, அது நீளத்திலும் அகலத்திலும் குறைந்தது மூன்று புள்ளிகளையாவது நிரப்ப வேண்டும். இல்லாவிடில் பின்னாலுள்ள குளிர்ந்த சுவரின் கதிரும் அதே புள்ளியில் கலந்து, வெப்பநிலையைக் குறைத்துக் காட்டும். ஆகவே இக்காமிரா 5 மீட்டரில் ஏறத்தாழ 42 மில்லிமீட்டர் அகலமுள்ள பொருளைத்தான் சரியாக அளக்கும்.

பேனலில் உள்ள ஒரு போல்ட்டின் தலை ஏறத்தாழ 17 மில்லிமீட்டர் அகலம் என்று கொண்டால், 160 புள்ளிக் காமிராவோடு 2 மீட்டர் தொலைவுக்குள் நிற்க வேண்டும். 320 புள்ளி என்றால் 4 மீட்டர்; 640 புள்ளி என்றால் 8 மீட்டர். கணக்கை நீங்களே போட்டுச் சரிபாருங்கள்.

இந்த மீட்டர்கள் வெறும் எண்கள் அல்ல. மின்சாரம் ஓடும்போது பேனலின் கதவைத் திறந்து அருகில் நிற்பது ஆபத்தானது. மின்வில் வெடித்தால் முகமும் கையும் கருகும். ஆலை வாசலிலுள்ள 11,000 வோல்ட் மின்மாற்றியின் இணைப்புகளுக்கு அருகில் செல்லவே கூடாது. ஆகவே புள்ளிகளின் எண்ணிக்கை படத்தின் அழகுக்காக மட்டும் அல்ல. பார்க்கிறவர் எவ்வளவு தள்ளி நிற்கலாம் என்பதை அதுவே முடிவு செய்கிறது.

கதவைத் திறக்காமலே பார்க்கலாமே என்று கேட்பீர்கள். கண்ணாடியும், கதவில் பொருத்தும் அக்ரிலிக் தகடும் இக்கதிர்களை விடா. கால்சியம் ஃபுளூரைடு போன்ற படிகத்தாலான சிறு சாளரத்தைக் கதவில் பொருத்தினால், மூடிய நிலையிலேயே பார்க்கலாம்.

இரண்டாம் கேள்வி: நுண்ணுணர்வா, துல்லியமா?

விவரத்தாளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று, 0.05 டிகிரி போன்ற மிகச் சிறிய எண். மற்றொன்று, ±2 டிகிரி அல்லது ±2 சதவிகிதம். பலர் முதல் எண்ணைப் பார்த்து, காமிரா 0.05 டிகிரிக்குத் துல்லியமாக அளக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

முதலாவது நுண்ணுணர்வு. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு இடங்களுக்கிடையே எவ்வளவு சிறிய வேறுபாட்டைக் காமிரா பிரித்துக் காட்டும் என்பதை அது சொல்கிறது. இரண்டாவது துல்லியம். காட்டும் எண், உண்மை வெப்பநிலையிலிருந்து எவ்வளவு விலகலாம் என்பது அது. ஒரு கடிகாரம் வினாடி முள்ளோடு அழகாக ஓடலாம். ஆனால் அது ஐந்து நிமிடம் பின்தங்கியும் இருக்கலாம் அல்லவா? அது போன்றதே இது.

2020இல் கொரோனா பரவியபோது தொழிற்சாலை வாயில்களில் காய்ச்சல் பார்க்கும் வெப்பக் கருவிகள் வைக்கப்பட்டன. ±2 டிகிரி துல்லியமுள்ள தொழிற்சாலைக் காமிராவை இதற்குப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? 38 டிகிரிக் காய்ச்சல் உள்ளவரை 36 என்று உள்ளே விடலாம். நலமாக உள்ளவரை 39 என்று வீட்டுக்கு அனுப்பலாம். ஆகவேதான் அப்பணிக்கென வந்த காமிராக்கள் வெப்பநிலை தெரிந்த ஒரு கரும்பொருளை அருகில் வைத்து, அதனோடு ஒப்பிட்டு அளந்தன.

ஆனால் பேனல் சோதனைக்கு ±2 டிகிரி போதும். அங்கே நாம் பெரும்பாலும் ஒப்பிட்டே முடிவு செய்கிறோம். மூன்று பேஸ்களும் ஒரே அளவு மின்னோட்டத்தைத் தாங்கும்போது மூன்று இணைப்புகளும் ஒரே சூட்டில் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் அதிகம் சூடானால் குறை அங்கேதான். அமெரிக்காவிலுள்ள நெட்டா என்னும் மின்சோதனைச் சங்கத்தின் வழிகாட்டியில், ஒத்த இணைப்புகளுக்கிடையே 15 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் அது பெருங்குறை. உடனே பழுது பார்க்க வேண்டும்.

இங்கே மற்றொரு கணக்கு. நல்ல இணைப்பின் தடை 0.1 மில்லி ஓம் என்றால், 200 ஆம்பியர் ஓடும்போது அங்கே எழும் வெப்பம் 4 வாட். தளர்ந்து 1 மில்லி ஓம் ஆகிவிட்டால் 40 வாட். ரேடியோ பழுது பார்ப்பவரின் சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பேனலுக்குள் எரியவிட்டது போல! ஆனால் பாதி எந்திரங்களை நிறுத்திவிட்டு, 100 ஆம்பியரில் சோதித்தால் 10 வாட் மட்டுமே எழும். மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தே வெப்பம் அமைவதால் குறை ஒளிந்துகொள்ளும். ஆகவே ஆலை முழு வேகத்தில் ஓடும் நேரத்தில்தான் சோதிக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நேரத்தில் எடுத்த படம் வீண்.

மூன்றாம் கேள்வி: பளபளப்பு சொல்லும் பொய்

இதுவே மிக முக்கியமான பாடம். எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய காமிராவும் இங்கே ஏமாறும்.

ஒரே வெப்பநிலையில் இருந்தாலும் எல்லாப் பொருள்களும் ஒரே அளவு உமிழ்வதில்லை. முழுமையான கரும்பொருள் உமிழ்வதில் எத்தனை பங்கை ஒரு பொருள் உமிழ்கிறதோ, அதை அதன் உமிழ்திறன் என்கிறோம். தோலுக்கு ஏறத்தாழ 0.98, கறுப்பு இன்சுலேஷன் டேப்புக்கு 0.95, செங்கல்லுக்கு 0.9க்கு மேல். ஆனால் பளபளக்கும் செம்புக்கும் அலுமினியத்துக்கும் 0.1க்கும் குறைவு. மீதிப் பங்குக்கு அவை கண்ணாடி போல் சுற்றுப்புறத்தின் கதிர்களையே பிரதிபலிக்கும்.

பேனலிலுள்ள பளபளப்பான செம்புப் பஸ்பாரின் இணைப்பு 90 டிகிரியில் கொதிக்கிறது என்று கொள்வோம். அறையின் வெப்பநிலை 33 டிகிரி. செம்பின் உமிழ்திறன் 0.1. அறையின் கதிர்வீச்சை 1 என்று கொண்டால், இணைப்பிலிருந்து வருவது 0.1 × 1.98, அதாவது 0.198. அதோடு பிரதிபலித்து வருவது 0.9. மொத்தம் ஏறத்தாழ 1.1. இதன் நான்காம் மூலத்தை 306ஆல் பெருக்கினால் சுமார் 313 கெல்வின். காமிரா காட்டும் எண் 40 டிகிரி! காமிரா கதிர்களின் ஒரு பகுதியை மட்டுமே காண்பதால் எண் சற்று மாறலாம். ஆயினும் செய்தி மாறாது. 90 டிகிரியில் உள்ள இணைப்பை 40 டிகிரி என்று படித்து, எல்லாம் நலம் என்று குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போய்விடுவோம். காமிரா இல்லாதவர் சந்தேகத்தோடாவது இருப்பார். தவறாகப் படித்தவரோ நிம்மதியாகத் தூங்குவார்.

இதற்கு மாற்று என்ன? பஸ்பாரைப் பார்க்காமல், அதோடு இணைந்த கம்பியின் மேலுறையைப் பார்க்கலாம். சூடு அங்கே கடத்தப்பட்டிருக்கும். மின்சாரத்தை நிறுத்தியிருக்கும் வேளையில், தகுதி பெற்ற எலெக்ட்ரீசியன் இணைப்பின் மேல் சிறு துண்டு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி வைத்துவிட்டால், அடுத்த முறை அந்தத் துண்டு உண்மை பேசும். மேலும், ஓரிடம் சூடாகத் தெரிந்தால் இரண்டடி நகர்ந்து நின்று மறுபடி பாருங்கள். சூட்டுப் புள்ளியும் நகர்ந்தால் அது பிரதிபலிப்பு. உங்கள் முகத்தின் வெப்பமாகவே கூட இருக்கலாம்.

ஆகவே வாங்கும் காமிராவில் உமிழ்திறனை மாற்றி அமைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். படத்தோடு ஒவ்வொரு புள்ளியின் வெப்பநிலையையும் சேர்த்துச் சேமிக்கும் வசதி இருந்தால், பிறகும் திருத்திக் கணக்கிடலாம். வெறும் வண்ணப் படத்தை மட்டும் சேமிக்கும் காமிரா இதற்கு உதவாது.

நான்காம் கேள்வி: எதை அளக்கப் போகிறோம்?

பேனலுக்கும் மோட்டார் பேரிங்குக்கும் 150 டிகிரி வரை அளந்தாலே போதும். ஸ்டென்டரில் பாலியெஸ்டர் கலந்த துணியை 180 முதல் 200 டிகிரி வரை சூடாக்குகிறார்கள். அதற்குச் சூடேற்றும் தெர்மிக் எண்ணெய்க் குழாய்கள் இன்னும் சூடானவை. அவற்றையும் பார்க்க வேண்டுமானால் 350 டிகிரி வரை அளக்கும் காமிரா வேண்டும்.

துணி உலர்வதையும் இக்காமிராவால் காணலாம். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. அதே போல், ஸ்டென்டரிலிருந்து வரும் துணியில் ஈரம் மிஞ்சிய பட்டைகள் குளிர்ந்த கோடுகளாகத் தெரியும். ஒரு பக்கம் மட்டும் காய்கிறது என்பது அப்போதே புலப்படும்.

நீராவிக் குழாய்களில் வெப்ப உறை கிழிந்த இடமும் பளிச்சென்று தெரியும். திருப்பூர்ப் பகுதியில் இதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் 2011இல் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. அதன் பின் கழிவுநீரைச் சிறிதும் வெளியே விடாத சுத்திகரிப்பு முறைக்கு அவை மாற வேண்டியிருந்தது. எஞ்சும் உப்புநீரை ஆவியாக்க நிறைய நீராவி வேண்டும். வீணாகும் ஒவ்வொரு துளி வெப்பமும் விறகாகவும் பணமாகவும் கரைகிறது.

இவை தவிர, பஞ்சுத் தூசி உட்புகாத உறை, ஆண்டுதோறும் அளவு சரிபார்த்துச் சான்று தரும் வசதி, சாதாரணப் படத்தையும் சேர்த்து எடுக்கும் வசதி ஆகியவற்றையும் கேட்க வேண்டும். சில காமிராக்கள் வினாடிக்கு 9 படங்களே எடுக்கும். ஏற்றுமதிக் கட்டுப்பாடுகளே இதற்குக் காரணம். அசையாத பேனலுக்கு அது போதும்.

எதை வாங்கலாம்?

நடுத்தர ஆலை ஒன்றுக்கு நாம் ஆலோசகர் என்று வைத்துக்கொள்வோம். பேனல்களும் மோட்டார்களும் மட்டும் என்றால், 2 மீட்டருக்குள் பாதுகாப்பாக நின்று பார்க்க முடியுமானால் 160×120 போதும். மின்மாற்றி முற்றமும் கூரையடிக் குழாய்களும் உண்டென்றால் 320×240 தேவை. 640×480க்கான செலவு அங்கே பெரும்பாலும் தேவைப்படாது. மிகச் சிறிய பனியன் கம்பெனிக்குச் சொந்தக் காமிராவே வேண்டாம். ஆண்டுக்கு ஓரிரு முறை பயிற்சி பெற்றவரை அழைத்துச் சோதிப்பது நன்று. கோவையில் 1956இல் தொடங்கப்பட்ட தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் போன்ற நிறுவனங்கள் ஆலைகளுக்கு எரிசக்தித் தணிக்கை செய்து உதவுகின்றன.

மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதியைக் காமிராவைப் பிடிக்கப் போகிறவரின் பயிற்சிக்குச் செலவிட்டால், அதுவே சிறந்த முதலீடு. காமிரா குறையைக் காட்டும். மரையை முறுக்காது, பேனலுக்குள் படிந்த பஞ்சைத் துடைக்காது. படம் எடுத்த அன்றே மின்சாரத்தை நிறுத்தி அந்த மரையை இறுக்கினால்தான் படத்துக்குப் பயன்.

செய்து பாருங்கள்

பளபளப்பான எவர்சில்வர் டம்ளரின் ஒரு பாதியில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டுங்கள். பெரியவர் ஒருவரின் துணையோடு அதில் வெந்நீர் ஊற்றுங்கள். டம்ளரைத் தொடாமல், ஒரு விரல்கடைத் தொலைவில் உள்ளங்கையை இரு பக்கமும் மாறி மாறி வையுங்கள். எந்தப் பக்கம் அதிகச் சூடு தெரிகிறது? பள்ளியில் காய்ச்சல் பார்க்கும் அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால், தண்ணீரை 40 டிகிரிக்கு ஆறவிட்டு, அதனால் இரு பக்கத்தையும் அளந்து எண்களை ஒப்பிடுங்கள்.

வினாக்கள்

1. பார்வைக் கோணம் 25 டிகிரி உள்ள 320×240 காமிரா, 10 மீட்டர் தொலைவில் எவ்வளவு அகலமுள்ள பொருளைச் சரியாக அளக்கும்?

2. தடை 1 மில்லி ஓம் உள்ள இணைப்பில் 50 ஆம்பியர் ஓடினால் எழும் வெப்பம் எத்தனை வாட்?

3. தெளிந்த இரவில் புது அலுமினியக் கூரையைக் காமிராவால் பார்த்தால், உண்மையை விட மிகக் குளிர்ந்ததாகக் காட்டுகிறது. ஏன்? (குறிப்பு: கூரை எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது?)

விடைகள்: 1. ஏறத்தாழ 42 மில்லிமீட்டர். 2. 2.5 வாட். மூன்றாவதன் விடையை உங்கள் அறிவியல் ஆசிரியரோடு கலந்து பேசிக் கண்டுபிடியுங்கள்.